தனிவழியும் வழிகூறும் நாவும்: மலைபடுகடாத்தைக் கற்கும் முறை பற்றி

பத்துப்பாட்டினுள் மலைபடுகடாம் பெற்றிருக்கும் இடம் விந்தையானது. அதன் பெயரைப் பாராட்டுவோர் பலர். பாட்டை முழுதும் பயில்வோர் சிலர். மலையை யானையாகவும், அதன்கண் எழும் ஓசைகளை அவ்யானையின் மதமாகவும் கொண்ட பெயரழகை வியந்துவிட்டு, ஓசைகள் நிரலே வரும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ‘இயற்கை வருணனை’ என்று தலைப்பிட்டுக் கற்பித்தல் நம் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்ட வழக்கம். எஞ்சியவை நெடும்பட்டியல் என்றும், கவிச்சுவையிற் குன்றியவை என்றும், அன்றைய நிலவியலை அறிதற்குக் கருவியாவன என்றும் ஒதுக்கப்படுகின்றன. இக்கருத்து பாட்டின் இயல்பை நோக்கி எழுந்ததன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. மலையில் நடக்கும் ஒருவன் தான் கண்ட மலையைத் தானே பாடவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு மேலைக் கவிதையைப் பயின்றதனால் நம்மிடம் வந்து தங்கியது. அவ்வெதிர்பார்ப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, சங்கச் செய்யுளில் மலைவழியைச் சொல்பவர் யாவர், எவர்க்குச் சொல்கின்றனர் என்று வினவின், பட்டியல் என்று நாம் கருதியது வேறொன்றாகத் தோன்றும்.

முதலில் தனியே மலைவழி நடப்பவனைக் காண்போம். அகப்பாட்டில் அவன் குறிஞ்சித் தலைவன். இரவுக்குறி நயந்து, வேல் ஒன்றே துணையாக, நள்ளிருளில் மலைகடந்து வருபவன். அவன் நடந்த வழியை நம் கண்முன் நிறுத்தும் பாட்டுக்களுள் தலைசிறந்தது, எருமைவெளியனார் மகனார் கடலனார் பாடிய அகநானூற்று 72-ஆம் பாட்டு. மின்மினி மொய்த்த புற்றைக் கரடி தோண்டுகின்றது. தெறிக்கும் ஒளித்துளிகளின் நடுவே அது உலைக்களத்துக் கொல்லனைப் போலத் தோன்றுகின்றது. யாற்றிலோ முதலைகள்; வெள்ளம் கற்களில் மோதி ஒலிக்கின்றது. சூல்கொண்ட பெண்புலியின் பசி களைய ஆண்புலி களிற்றைக் கொன்று, நாகம் உமிழ்ந்த மணியின் வெளிச்சத்தில் அதை இழுத்துச் செல்கின்றது. வாளின் வாய்மேல் நடப்பதை ஒத்த கவர்த்த வழி. தனியராக இருக்கின்றோமே என்று அஞ்சாமல் அவ்வழியே அவன் வந்தான்.

இத்தனையும் கூறுபவன் அவனல்லன். வீட்டில் இருப்பவள் கூறுகின்றாள். அவன் சிறைப்புறத்து நிற்க, தலைவி தோழிக்குச் சொல்வது போன்ற பாட்டு அது. வந்தவனும் கொடியவன் அல்லன், வரச்செய்த நீயும் தவறுடையை அல்லை, இத்துன்பத்திற்குக் காரணமான நானே தவறுடையேன் என்று அவள் முடிக்கின்றாள். அவள் அவ்வழியைக் கண்டவள் அல்லள். புலி இழுத்துச் செல்லும் களிற்றையும் நாகமணியின் ஒளியையும் அவள் அச்சமே காண்கின்றது. அவன் காலடியில் இருந்த வழி அவள் நாவில்தான் சொல்லாகின்றது.

இஃது ஒரு புலவர்தம் தனித்தன்மை என்று கொள்ளற்க. தொல்காப்பியக் களவியல் இதனை இலக்கணமாகவே வகுத்துள்ளது. களவொழுக்கத்தில் தலைவன் ஓரையும் நாளும் பார்த்து ஒழுக்கத்தைத் தவிர்தல் இல்லை என்று கூறிய ஆசிரியர், வழியின் அருமையும் மன அழிவும் அச்சமும் இடையூறும் அத்தன்மையனவே என்று அடுத்த நூற்பாவில் முடிக்கின்றார். நடப்பவனுக்கு வழியின் கொடுமை இல்லை! உளதாயினும் அவன் அதனைப் பொருட்படுத்தலாகாது. பொருட்படுத்தாதவன் அதைப் பற்றிப் பேசுதற்கும் இடமில்லை. ‘ஆறுபார்த்துற்ற அச்சம்’ என்று துறை வகுத்தோர் அதனைத் தோழிக்கும் தலைவிக்குமே உரிமையாக்கினர். குறிஞ்சித் தலைவன் தான் வந்த மலைவழியின் அருமையைத் தானே விரித்துரைக்கக் காண்பது அரிதாதற்குக் காரணம் இதுவாகும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இம்மரபின் முழுவடிவம். பாட்டின் இறுதியில், இரவில் வரும் தலைவனுக்கு வழியில் நேரக்கூடியவை தொகுத்துச் சொல்லப்படுகின்றன. புலி, யாளி, கரடி, ஆமான், களிறு, இடி, வருத்தும் தெய்வம், இரைதேடும் பாம்பு, முதலையின் இனங்கள், வழிபறிப்போர், வழுக்குநிலம், மலைப்பாம்பு என்று அது செல்கின்றது. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஒவ்வொன்றற்கும் இடையே மூச்சுவிடவும் இடமில்லை. இவற்றிலிருந்து தப்பும் வகை எதுவும் சொல்லப்படுவதில்லை, சொல்லுதற்குமில்லை. நடப்பவன் தொலைவில் உள்ளான். அஞ்சுபவர் இல்லத்தில் உள்ளனர். இப்பட்டியலைப் பட்டியல் என்று குறைகூறுவார் ஒருவரையும் நாம் காணவில்லை. அச்சத்தின் மொழி அதுவென்று யாவரும் உணர்கின்றனர். மலைபடுகடாத்திற்கு மட்டும் இந்நீதியை மறுப்பது ஏன் என்பது வினவத்தக்கது.

தனிவழி நடப்பவன் பேசும் பாட்டுக்கள் இல்லையோ எனின், உள. பாலைத்திணையில் இடைச்சுரத்து நின்று தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறும் துறை உண்டு. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலையில் ‘இடைச்சுரப்பத்து’ என்று ஒரு பத்தே அமைந்துள்ளது. இது நம் கருத்துக்கு மாறானதாகத் தோன்றும். ஆனால் அப்பத்தின் முற்பகுதியில் வரும் பாட்டொன்று கூறுவதைக் காண்க. ஞாயிற்றின் வெம்மையால் கல் பிளக்குமாறு முன்பு வெய்யவாய் இருந்த சுரத்து வழிகள், இப்போது அவளை நினைக்குந்தோறும் குளிர்ந்தன என்கின்றான் தலைவன். அவன் வழியைச் சொல்வது வழியை இல்லையாக்குதற்கே. நடப்பவன் வாய்திறந்தாலும் வழி அவளாக மாறிவிடுகின்றது. இலக்கணம் தடுத்ததை இலக்கியம் மீறியது என்பதினும், வேறொரு வாயிலாக அதே இடத்தை அடைந்தது என்பது பொருந்தும்.

குறுந்தொகை 12-ஆம் பாட்டையும் இங்கு நினைக்கலாம். அதுவும் ஓதலாந்தையார் பாடியதே. அங்கே தலைவன் செல்வது தேரில். ஆகலின் நடைவழிக்கு அது முற்றும் பொருந்தாது. எறும்பு வளை போன்ற சுனைகளும் உலைக்கல் போன்ற பாறைகளும் உடைய வழி என்று தலைவி சொல்லும்போது, ‘என்ப’ என்னும் ஒரு சொல்லை இடையே வைக்கின்றாள். பிறர் சொல்லக் கேட்டது என்பதை அச்சொல் காட்டிவிடுகின்றது. காணாத வழியைத்தான் அவள் இவ்வளவு துல்லியமாகக் காண்கின்றாள்.

இனி மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயர் பெற்றது. பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். பாட்டு பாடும் நவிரமலை இன்றைய பருவதமலை என்று அறிஞர் கொள்வர். சேயாறு இன்றும் அப்பெயராலேயே ஓடுகின்றது. நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் கூட்டத்திற்கு வழி சொல்கின்றான். இதற்குமேல் பாட்டின் வரலாற்றைக் கூறுதல் இக்கட்டுரைக்கு வேண்டாதது. 1889-இல் டாக்டர் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டும் அதனுள் அமைந்த நச்சினார்க்கினியர் உரையும் யாவர்க்கும் தெரிந்தவை.

நாம் நோக்கவேண்டுவது வினைச்சொற்களை. குறிஞ்சிப்பாட்டின் அச்சப்பட்டியல் பெயர்களால் ஆயது. மலைபடுகடாத்தின் வழிப்பகுதி ‘மின்’ ஈற்று ஏவல் வினைகளால் ஆயது. இடையூறு ஒன்று சொல்லப்பட்டவுடன் அதனைக் கடக்கும் வினை ஒன்று உடன்வருகின்றது. இரவில் புறப்படாதீர்கள், பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் உண்டு, விடிந்தபின் செல்லுங்கள். பாம்பு ஒடுங்கும் குழிகளை நோக்கிச் செல்லுங்கள். தினைப்புனத்துக் கானவர் யானையை ஓட்டக் கவணால் எறியும் கற்கள் கூற்றுவனைப் போல விரைந்து வரும். மரங்களை மறைவாகக் கொண்டு கடந்து செல்லுங்கள். நீர்க்கரை வழுக்கும், கொடிகளைப் பற்றிக்கொள்ளுங்கள். தெய்வம் உறையும் இடத்தைக் கைதொழுது கடந்து செல்லுங்கள். இருட்டினால், உங்கள் வீட்டிற்குள் புகுவது போலக் கற்குகைக்குள் புகுந்து தங்குங்கள். விடியலில் எழுந்து, கிடக்கும் மரம் போலத் தோன்றும் மலைப்பாம்பை விலகிச் செல்லுங்கள்.

மலைப்பாம்பு இரண்டு பாட்டிலும் வருகின்றது. ஒன்றில் அது நெஞ்சை நடுங்கச் செய்யும் ஒரு பெயர்; மற்றொன்றில், மரமென்று எண்ணி மிதித்துவிடாமல் ஓரடி ஒதுங்கவேண்டிய ஓர் இடம். பாம்பு அதுவே, மலையும் அத்தகையதே. சொல்பவன் நடந்து மீண்டவனா, நடக்காமல் காத்திருப்பவளா என்பதில்தான் வேறுபாடு. மரம் போலத் தோன்றும் என்னும் உவமையும் அழகுக்காக வந்ததன்று. விடியற்காலத்து அரையிருளில் அது எவ்வாறு கண்ணுக்குப் படும் என்னும் செய்தி அது. அணியிலக்கணம் பயிற்றும் ஆசிரியர் உவமை என்று பெயர் சொல்லிக் கடந்துவிடின் அதன் உயிர் நமக்குக் கிட்டாது.

வழிதவறுதல் பற்றிய பகுதி இன்னும் ஆழமானது. மலைவாழ் குறவரும் மயங்கும் குன்றத்தில் அகப்பட்டுக்கொண்டால் என் செய்வது? அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் கூடியிருந்து, மேலே செல்வதை விடுத்து, உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள் என்கின்றான் வழிகூறுவோன். ஒலி கேட்டுக் கானவர் வருவர், கனி தருவர், வழியும் காட்டுவர். ஆற்றுப்படைகளில் யாழும் முழவும் கலைஞர்தம் தொழிற்கருவிகள், அரசவையில் பயன்படுபவை. ஈண்டு அவை உயிர்காக்கும் கருவிகளாகின்றன. மலையில் வழிதவறியவன் நடையை நிறுத்தி, இருந்த இடத்திலிருந்தே ஒலியெழுப்பவேண்டும் என்பதே இன்றும் மலைநடைப் பயிற்சியாளர் கூறும் முதல் அறிவுரை. மேலும் மேலும் நடத்தலே வழிதவறியோரைக் கெடுப்பது. இதனை அறிந்த ஒருவனின் குரலைப் பெருங்கௌசிகனார் பாட்டில் வைத்துள்ளார்.

இவ்விடத்தை அடுத்தே, வகுப்பறையில் பிரித்தெடுக்கப்படும் ஓசைப்பகுதி தொடங்குகின்றது. ஒலியெழுப்புங்கள் என்று கூறிய வாய், இனி நீங்கள் கேட்கப்போகும் ஒலிகள் இவை என்று தொடர்கின்றது. இந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டால் எஞ்சுவது வருணனைதான். அறுக்காமல் படித்தால் ஒவ்வோர் ஓசையும் ஒரு விளக்கமாகின்றது. மலையில் புதியவனைக் கலக்குவது கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வரும் ஒலி. மரமும் பாறையும் பார்வையை மறைக்க, செவி மட்டும் தொலைவு செல்கின்றது. எங்கோ ஒரு கூக்குரல் எழுகின்றது. அது என்ன? வேங்கை முதன்முதலாகப் பூத்ததைக் கண்ட மலைமகளிரின் ஆரவாரம். வேங்கைப் பூவைக் கொய்யும் பெண்கள் புலி என்று கூவும் வழக்கம் அகநானூற்றால் அறியப்படுவது. புதியவன் அதைக் கேட்டால் ஓட்டம் பிடிப்பான். இன்னொரு புறம் பாட்டொலி. மகிழ்ச்சிப் பாட்டென்று எண்ணிவிடாதீர்கள். புலி பாய்ந்து கீறிய கணவன் மார்பின் புண் ஆறுதற்குக் கொடிச்சி பாடும் காப்புப்பாட்டு அது. மற்றொரு புறம் குரங்குகளின் பெருங்கூச்சல். பிடி தளர்ந்து குட்டி பள்ளத்தில் வீழ்ந்தமையால் மந்தி தன் கிளையோடு சேர்ந்து அழுகின்றது. பெரும்பாறையில் மால்பைச் சார்த்தி ஏறித் தேன் கொண்டவர்களின் ஆர்ப்பும் கேட்கின்றது.

கூக்குரல் மகிழ்ச்சியாகவும் பாட்டு துயரமாகவும் இருக்கும் மலை அது. செவி தரும் முதற்பொருள் பிழைபடும் இடங்களைக் கூத்தன் தெரிந்தெடுத்துச் சொல்கின்றான் என்பதை இவ்வோசைகளின் தேர்வு காட்டுகின்றது. எல்லா ஓசைகளும் இவ்வாறு அமைந்தன என்று கூறேன். வள்ளைப்பாட்டும் கரும்பாலையின் ஒலியும் வேறு வகையின, மலைநாட்டின் வளங்காட்ட வந்தவை. ஆயினும் பகுதியின் நரம்பு அறியா ஒலிக்குப் பெயரிட்டுத் தருதலே. மலைக்கு மதம் என்று நச்சினார்க்கினியர் விளக்கிய சிறப்பும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மதயானையின் அருகே செல்வோனுக்கு அதன் குணமறிந்த பாகன் துணை வேண்டும்.

மேலும் சென்றால் நடுகற்கள் வருகின்றன. வீரர் பெயர் பொறித்த கற்களின் முன் உங்கள் இசையை எழுப்பிச் செல்லுங்கள் என்கின்றான். செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. அவை பாட்டிற்குப் பிற்பட்ட காலத்தவை. பாட்டிற்குச் சான்றாக அவற்றைக் காட்டுதல் முறையன்று. அந்நிலத்தில் அம்மரபு நெடுங்காலம் நின்றது என்பதற்கு மட்டும் அவை சான்று.

நடுகல்லை அடுத்து இரண்டடிகளில் வருவது, என் கருத்தில், பாட்டு முழுமையினும் அரிய இடம். பல வழிகள் கூடும் சந்தியில், முன்பு அவ்வழியை அறியாத புதியவர்களாகிய நீங்கள், நிலத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கின்றான் கூத்தன். யாருக்காக? தம் பின்னே வருவோர் வழிதவறாமைப் பொருட்டு. இதுகாறும் வழி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இவ்விடத்தில் வழி சொல்பவர்களாக மாறுகின்றனர். நன்னனை இன்னும் காணவில்லை, பரிசிலும் பெறவில்லை. அதற்கு முன்னரே பிறர்க்கு ஆற்றுப்படுத்தும் கடமை அவர்கள்மேல் ஏறிவிடுகின்றது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் கருவை ஒரு முடிந்த புல்லில் காணலாம்.

ஒப்புமை ஒன்று கூறலாம். அமெரிக்க நாட்டின் அப்பலாச்சியன் நெடுவழி, 1921-இல் பெண்ட்டன் மக்காய் என்பவர் கருதித் திட்டமிட்டு, 1937-இல் தொடர்ச்சியாக முடிக்கப்பெற்றது. பதினான்கு மாநிலங்களின் மலைகளின்மேல் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்வது. அதன் வழிநெடுக மரங்களில் 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள வெள்ளைப் பட்டை தீட்டப்பட்டுள்ளது. 1948-இல் அவ்வழி முழுவதையும் ஒரே பயணத்தில் தனியே நடந்தவர் எர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப்போரிலிருந்து மீண்டவர். போரில் நண்பனை இழந்தவர். ஏறத்தாழ நான்கு மாதம் நடந்தார். பின்னர் 1965-இலும், எழுபத்தொன்பதாம் வயதில் 1998-இலும் மீண்டும் நடந்தார். முதற்பயணத்தில் நாள்தோறும் சிறு குறிப்பேடு ஒன்றில் எழுதிவந்தார். அக்குறிப்புகள் வளர்ந்து பிற்காலத்தில் நூலாயின. இந்நடையில் வெள்ளைப் பட்டை நம் முடிந்த புல்லுக்கு உறவு. குறிப்பேடோ சங்கச் செய்யுள் அறியாத பொருள். நாள்முழுதும் தனியே நடந்து, இரவில் தன் கூடாரத்தில் அமர்ந்து, தான் கண்ட மலையைத் தானே தனக்கு எழுதிக்கொள்ளும் மாந்தன் அகத்திலும் இல்லை, புறத்திலும் இல்லை. அவன் இழிந்தவன் என்பது நம் கருத்தன்று. அவனைத் தேடிச் சென்று, காணாமையால் மலைபடுகடாத்தைக் குறைகூறுதல் முறையாகாது என்பதே.

நடப்பவர்தம் துன்பமும் இப்பாட்டில் அவர்கள் வாயால் வெளிப்படுவதில்லை. தொடக்கத்தில் விறலியரின் அடிகள் பேசப்படுகின்றன: கற்களில் மோதித் தேய்ந்து, இளைத்த நாயின் நாக்கைப் போன்றவை. ஓடிக் களைத்து வாய்வழியே தொங்கும் நாக்கின் நிறமும் நடுக்கமும் ஈரமும் ஒரு சிற்றடியில் காணப்பட்டுள்ளன. இவ்வுவமை மகளிர் அழகு கூறும் பகுதியில் நிற்பதால் அழகென்றே விளக்கப்படுவதுண்டு. அழகோடு நோவும் அதில் உண்டு. அதைக் காண்பவன் வழிகூறும் கூத்தன். அவ்வழி நடந்து தன் கூட்டத்து மகளிர் அடிகளையும் கண்டவன். அக்காலைப் பார்த்த பின்னரே அவன் வழிசொல்லத் தொடங்குகின்றான் என்பதைப் பாட்டின் வைப்புமுறையால் உணரலாம். ‘மென்மெல’ நடக்குமாறு இடையே அவன் கூறுவதும் இவ்வடிகளை மறவாமையாற் போலும்.

தனியே நடந்துவரும் ஒருவன் வழியை விரித்துரைக்கும் இடம் சங்கச் செய்யுளுக்குப் பின் வந்த சிலப்பதிகாரத்தில் உண்டு. காடுகாண் காதையில் வரும் மாங்காட்டு மறையோன் குடமலைப் பக்கத்தவன். அரங்கத்தையும் வேங்கடத்தையும் காணும் வேட்கையால் தனியே நடந்துவருபவன். நம் பொருளுக்கு இவனே கடைத்தடை. ஆயினும் கோவலன் மதுரைக்கு வழி கேட்கும் வரையில் அவன் வாயிலிருந்து வழியின் இன்னாமை ஒன்றும் வெளிப்படவில்லை. இளவேனில் கழிந்த கடுங்கோடையில் இம்மெல்லியலோடு வந்துவிட்டீர்களே என்று இரங்கிய பின்னரே, கொடும்பாளூர் நெடுங்குளக் கரையில் சூலம் போல முக்கவராகப் பிரியும் வழியைக் கூறுகின்றான். வலப்பக்கம் செல்லின் சிறுமலை. இடப்பக்கம் செல்லின் திருமால்குன்றமும் அதன் பிலமும் மூன்று பொய்கைகளும். இடையே செல்லின் காட்டுத் தெய்வம் மயக்கும் வழி. தான் நடந்துவந்த களைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிலம் புகும் பயன் எமக்கு வேண்டா என்று கவுந்தியடிகள் மறுமொழி கூறி அவனை விடுத்தபின், மூவரும் தம் வழிச் செல்கின்றனர். மறையோன் தன் வழியில் என்ன கண்டான் என்பதை இளங்கோவடிகள் கூறவில்லை.